போனில் பார்க்கிற சார்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் உட்காருவோம். ஏரியா செய்தி போடும் இன்ஸ்டா பக்கம் வைத்திருக்கிற பையன்கள், மீனவர்கள் வாட்ஸாப் குழு ஒன்றை நடத்துகிறவர், இரண்டு டீச்சர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஏரி நீர், மழை, காற்று, மீன் வரத்து என்று ஏதாவது ஒரு கணக்கை எடுத்து, போனில் பார்க்கத் தோதாகச் சார்ட் போட்டுப் பழகுவோம். நான் ரொம்ப வருஷம் டிடிபி, ஃப்ளெக்ஸ் டிசைன் வேலை பார்த்தவன். கணக்கு அப்புறம் கற்றுக்கொண்டது.

ஒரே சந்தேகம் ஆறு பேரிடமிருந்து வாய்ஸ் நோட்டாக வந்தபிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. 'வரைபடம்' என்றால் பலருக்கு மேப் ஞாபகம் வருகிறது, அதனால் சார்ட் என்றே எழுதுகிறேன். பள்ளியில் பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம் என்று படித்தது இதைத்தான்.

1. சார்ட் எதுக்குண்ணா? நம்பரையே எழுதிப் போட்டா ஆகாதா?

பல நேரம் ஆகும். சொல்ல ஒரே எண்தான் இருக்கிறது என்றால் அதைப் பெரிதாக எழுதிப் போடுங்கள். இரண்டு எண் என்றால் ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பட்டை வரைந்து அலங்காரம் செய்ய வேண்டியதில்லை.

எண்கள் அதிகமாகி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வேண்டி வரும்போதுதான் சார்ட்டுக்கு வேலை. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் முழுக் கொள்ளளவைப் பாருங்கள்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, தேர்வாய்கண்டிகை 500 மில்லியன் கன அடி. கடைசி எண்ணுக்கு வருவதற்குள் பூண்டி மறந்திருக்கும். ஐந்து பட்டையாகப் போட்டால், மூன்று ஏரிகள் கிட்டத்தட்ட ஒரே அளவு, சோழவரம் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, தேர்வாய்கண்டிகை குட்டி என்பது படிக்காமலே தெரிந்துவிடும். இந்த ஐந்து ஏரிகளும் கீழே அடிக்கடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தச் சார்ட் எதுக்கு? ஒரே வரில சொல்லுங்க.

இடத்துக்கு இடம் ஒப்பிட பார் சார்ட், அதாவது பட்டை. நாளுக்கு நாள் மாறுவதைக் காட்ட லைன் சார்ட், அதாவது கோடு. பத்தில் எட்டு முறை இந்த இரண்டிலேயே வேலை முடிந்துவிடும். மிச்ச இரண்டு முறைக்கு இந்தப் பக்கம் பூராவும் படிக்க வேண்டும்.

3. பை சார்ட்ல இன்னா தப்பு? பாக்க அழகாத்தானே இருக்கு?

அழகுதான். 1786-இல் பார் சார்ட்டை அச்சிட்ட ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர்தான் 1801-இல் பை சார்ட்டையும் கொண்டுவந்தார், அதனால் இதற்கு வயசும் இருக்கிறது மரியாதையும் இருக்கிறது. சிக்கல் நம் கண்ணில். 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு பேர் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்கிற பட்டைகளின் உயரத்தை மனிதர்கள் சரியாகக் கணிக்கிறார்கள். கோணத்தைக் கணிக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள், பரப்பளவு என்றால் இன்னும் மோசம்.

ஒரு ஊத்தப்பத்தை இரண்டாகவோ நாலாகவோ வெட்டினால் யாருக்கு எவ்வளவு என்று பார்த்ததும் தெரியும். ஏழாக வெட்டினால் வீட்டில் சண்டைதான். பை சார்ட்டும் அப்படி. பூண்டியையும் புழலையும் செம்பரம்பாக்கத்தையும் வட்டத்தில் போட்டுப் பாருங்கள், எது பெரிது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. 'பாதிக்கு மேல்', 'கால்வாசி' மாதிரி ஒரே ஒரு பங்கைக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பரிமாணப் பை மட்டும் எப்போதும் வேண்டாம். முன்னால் இருக்கிற துண்டு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

4. படத்தோட சைஸ் எவ்ளோ வெக்கணும்? எழுத்து?

இன்ஸ்டா போஸ்ட்டுக்கு 1080 × 1350 பிக்சல். சதுரமாக வைப்பதை விட உயரமாக வைத்தால் திரையில் அதிக இடம் கிடைக்கும். ஸ்டோரிக்கும் ஸ்டேட்டஸுக்கும் 1080 × 1920. ஸ்டோரியில் மேலே 250 பிக்சலும் கீழே 340 பிக்சலும் காலியாக விடுங்கள். பெயரும் பதில் பெட்டியும் வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

எழுத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் டிசைன் செய்வது லேப்டாப்பில். போன் திரையின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. 1080 பிக்சல் அந்த 7 செ.மீ.க்குள் அடங்குகிறது என்றால், 30 பிக்சல் எழுத்து திரையில் மொத்தமே 2 மி.மீ.தான். தமிழில் 'ணை', 'நூ', 'ஞ்' என்று சுழியும் கொம்பும் அதற்குள்ளேயே வர வேண்டும். அதனால் எந்த எழுத்தும் 36-க்குக் கீழே போக வேண்டாம், தலைப்பு 64-க்கு மேலே இருக்கட்டும். போட்ட படத்தை உங்கள் போனுக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மின்ட்டிலிருந்து திருவொற்றியூர் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து படிக்க முடிந்தால் எங்கேயும் படிக்கலாம்.

5. 'சென்னை ஏரிகள் – நீர் இருப்பு விவரம்'னு தலைப்பு வெச்சேன். யாரும் நிக்கல.

அது ஃபைலுக்கு வைக்கிற பெயர். போனில் விரல் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த, படத்தில் இருக்கிற சேதியையே தலைப்பாக வைக்க வேண்டும். 'சென்னை ஏரி நீரில் கால்வாசிக்கு மேல் புழலில்தான் பிடிக்கும்' என்று போட்டால், பட்டையைப் பார்க்காதவருக்கும் விஷயம் போய்விடும். (3,300-ஐ மொத்தம் 11,757-ஆல் வகுத்தால் 28 சதவீதம். தலைப்பு வைக்கும் முன் இப்படி ஒரு முறை போட்டுப் பாருங்கள்.) உங்கள் பழைய தலைப்பு வீணாகாது, அதை இரண்டாவது வரியில் சின்ன எழுத்தில் போடலாம். எதை அளந்தது, எந்த அலகு, எந்தத் தேதி என்பது அங்கே இருக்கட்டும்.

ஒரு படத்துக்கு ஒரு சேதி. இரண்டு இருந்தால் இரண்டு படம். ஒரே படத்தில் ஏரியும் மழையும் மக்கள்தொகையும் என்று கொண்டுவருகிற பையனிடம் நான் எப்போதும் கேட்பது: இதைப் பார்த்துவிட்டு ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொல்வார்? பதில் வரவில்லை என்றால் படம் இன்னும் தயாராகவில்லை.

6. தம்பி, அச்சு பூஜ்யத்துலேந்துதான் ஆரம்பிக்கணுமா? ஒருத்தர் கட்டாயம்ங்கறார், ஒருத்தர் தேவையில்லைங்கறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஐயா. அச்சு என்பது எண்கள் எழுதுகிற ஓரக்கோடு. அவர் பட்டையை நினைத்துச் சொல்கிறார், இவர் கோட்டை நினைத்துச் சொல்கிறார். பார் சார்ட்டில் பட்டையின் நீளம்தான் சேதி, அதனால் பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும். ஒரு பேச்சுக்கு, போன மாதம் 95, இந்த மாதம் 100 என்று வைத்துக்கொள்வோம். அச்சை 90-இல் தொடங்கினால் ஒரு பட்டை 5 உயரம், இன்னொன்று 10 உயரம். பார்க்கிறவர் 'ரெண்டு மடங்காயிடுச்சு' என்று போய்ச் சொல்வார். நீங்கள் பொய் எழுதவில்லை, ஆனால் பொய் போய்ச் சேர்ந்துவிட்டது.

கோட்டில் சேதி ஏற்ற இறக்கம். ஆஸ்பத்திரியில் கட்டில் காலில் தொங்குகிற காய்ச்சல் சார்ட்டை நினைத்துப் பாருங்கள். 98.6-இலிருந்து 102-க்குப் போனதை பூஜ்யத்திலிருந்து வரைந்தால் கோடு தட்டையாகத் தெரியும், நோயாளி நன்றாக இருப்பதாக நினைத்து டாக்டர் போய்விடுவார். கோட்டுக்குத் தேவையான அளவு மட்டும் வைக்கலாம், எங்கிருந்து தொடங்குகிறது என்பது அச்சில் பளிச்சென்று தெரிய வேண்டும்.

7. எத்தனை கலர் போடலாம்?

ஒன்று. மற்றதெல்லாம் சாம்பல். புழலைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் புழல் பட்டை நீலம், மிச்ச நாலும் சாம்பல். கண் நேராக அங்கே போகும். ஐந்து ஏரிக்கு ஐந்து கலர் போட்டால் கலருக்கு ஏதோ அர்த்தம் இருப்பதாக நினைத்துத் தேடுவார்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு: கட்சிக் கலர். ஒரு தடவை வார்டு குப்பைக் கணக்கைக் கறுப்பு, சிவப்பில் போட்டேன். அச்சு வேலையில் அந்த ஜோடி நன்றாக எடுபடும், அந்தப் பழக்கம். குப்பையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, 'நீ எந்தப் பக்கம்' என்றே கமெண்ட் நிறைந்தது. அதிலிருந்து நீலமும் ஆரஞ்சும்தான். சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் இந்த ஜோடி தெரியும். வடக்கு ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு அந்தக் குறை உண்டு. நம் ஊரில் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், ஆயிரம் பேர் பார்க்கிற படத்தில் நிச்சயம் சிலர் இருப்பார்கள். வெள்ளைமேல் மஞ்சள் எழுத்து யாருக்குமே தெரியாது. சந்தேகம் இருந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அப்போதும் புரிந்தால் சரி.

8. 'கொருக்குப்பேட்டை'னு அடிச்சா கொம்பு தனியா, வட்டம் தனியா நிக்குது. ஏன்?

தமிழில் 'கொ' என்பதற்குக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது மென்பொருளின் வேலை. சில டிசைன் மென்பொருள்களில் அந்த வசதி தூங்கிக்கொண்டிருக்கும். அடோபியில் என்றால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். பைத்தான் நிரல் எழுதிப் படம் போடுகிறவர்கள் எழுத்து உடைந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்; எழுத்தில்லாமல் படத்தை எடுத்து, தமிழை வேறு இடத்தில் சேர்ப்பது சுலபம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினாலும் குப்பையாகத்தான் வரும், முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் இலவசம், சின்ன அளவிலும் தெளிவாக இருக்கும். புது மென்பொருள் எதுவானாலும் நான் முதலில் அடித்துப் பார்ப்பது 'மூலக்கொத்தளம், கொருக்குப்பேட்டை'. இது ரெண்டும் தேறினால் மற்றது தேறும்.

இன்னொன்று. நம் ஊர்ப் பெயர்கள் நீளம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பழைய வண்ணாரப்பேட்டை என்று நிற்கிற பட்டைக்குக் கீழே எழுதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சாய்த்து எழுதினால் படிக்கிறவருக்குக் கழுத்து வலி. பட்டைகளைப் படுக்கவைத்து, பெயரை இடது பக்கம் எழுதுங்கள். 'தண்.பேட்டை' என்று சுருக்க வேண்டாம்.

9. மில்லியனா, லட்சமா?

லட்சம், கோடி. கமாவும் நம் முறையில், 1,00,000. கூகுள் ஷீட்டில் அமைப்புக்குள் போய் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள்.

ஏரிக்கு மட்டும் விதிவிலக்கு. அரசு அறிக்கையே 'மில்லியன் கன அடி' என்றுதான் வருகிறது, அதை மாற்றினால் ஒப்பிட முடியாமல் போகும். ஆனால் அது எவ்வளவு என்று ஒரு வரியில் சொல்லுங்கள். ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 2,360 லாரி. கேன் தண்ணீருக்கும் லாரிக்கும் காத்திருந்து பழகிய ஏரியாவில் இந்தக் கணக்கு உடனே ஏறும். ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி.

10. கணக்கு எங்கேந்து எடுக்கறது? பேப்பர்ல வந்ததைப் போட்டா போதாதா?

பேப்பரும் எங்கேயிருந்தோ எடுத்ததுதானே, அங்கேயே போங்கள். ஏரிக்கு மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம், தினமும் இணையத்தில் போடுகிறது, போன வருஷம் இதே நாளில் எவ்வளவு என்பதும் பக்கத்திலேயே இருக்கும். மழைக்கு வானிலை ஆய்வு மையம். காற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்; மணலியில் அதன் தானியங்கி நிலையம் இருக்கிறது. மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பு.

எடுத்த இடம், எடுத்த தேதி இரண்டும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கேப்ஷனில் எழுதினால் போதாது. முதல் ஃபார்வர்டிலேயே கேப்ஷன் கழன்றுவிடும், படம் மட்டும் ஊரைச் சுற்றும். தேதி இல்லாத ஏரிப் படம் அடுத்த கோடையில் புதுச் செய்தியாக உங்களுக்கே திரும்பி வரும்.

11. வாட்ஸாப்ல போட்டா மங்கலா ஆயிடுதே?

வாட்ஸாப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும். ஹெச்டி என்று தேர்ந்தெடுத்தோ, டாக்குமெண்ட்டாகவோ அனுப்பினால் உங்கள் கையிலிருந்து போவது நன்றாகப் போகும். அடுத்தவர் அதை எப்படி அனுப்புவார் என்பது உங்கள் கையில் இல்லை. நசுங்கினாலும் தாங்குகிற படமாகப் போடுங்கள்: தடித்த எழுத்து, நாலு பிக்சலுக்குக் குறையாத கோடு, பின்னால் போட்டோ கிடையாது. சேமிக்கும்போது பிஎன்ஜி. ஜேபெக்கில் எழுத்து ஓரமெல்லாம் பூச்சி மொய்த்த மாதிரி ஆகும்.

12. ஏரி நிலவரத்துல ஒருத்தர் ஒரு சதவீதம் போடறார், நான் வேற போடறேன். ரெண்டு பேரும் இன்னிக்குக் கணக்குதான். யாரு தப்பு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் பதிலில் உள்ள ஐந்து ஏரிகளைக் கூட்டினால் 11,757. சிலர் கடலூர் மாவட்டத்து வீராணத்தையும் சேர்ப்பார்கள், அது 1,465. மொத்தம் 13,222 ஆகிவிடும். கீழே வகுக்கிற எண் மாறினால் சதவீதம் மாறத்தானே செய்யும்? 'ஐந்து ஏரிகள், வீராணம் நீங்கலாக' என்று இரண்டாவது வரியில் எழுதிவிட்டால் சண்டை இல்லை. சதவீதம் போடுகிற எவரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி, 'எதில்?'

13. புழல் ஏரி முழு மட்டம் 21 அடி. இப்ப பத்தரை அடி இருந்தா பாதி ஏரின்னு போடலாமா?

போடக் கூடாது. நான் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது இது. முழு மட்டம் 21.20 அடி, அன்றைக்கு இருந்த அடியை அதனால் வகுத்து, அழகாக ஒரு தொட்டி வரைந்து நீலம் ஊற்றி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மேலே சொன்ன பெரியவர் போன் செய்தார். 'தம்பி, ஏரி என்ன சிமெண்டுத் தொட்டியா?' என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஏரி கடாய் மாதிரி. அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். மேலே ஒரு அடி ஏறினால் சேர்கிற தண்ணீரும் கீழே ஒரு அடி ஏறினால் சேர்கிற தண்ணீரும் ஒன்றில்லை. பாதி உயரத்தில் இருப்பது பாதித் தண்ணீருக்குக் குறைவாகத்தான் இருக்கும். அடி என்பது கரைக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க உதவும், வெள்ள நேரத்தில் அதுதான் முக்கியம். குடிக்க எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல மில்லியன் கன அடிக் கணக்கை எடுங்கள். மெட்ரோ வாட்டர் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த கட்டத்தில் இருப்பதால்தான் இந்தத் தப்பு சுலபமாக வருகிறது.

14. மழை சார்ட் போட்டேன். 'அன்னிக்கு எங்க தெருவுல தூறல்கூட இல்ல'ன்னு சண்டைக்கு வராங்க.

இரண்டு காரணம். ஒன்று, வானிலை மையத்தின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. டிசம்பர் 4-ஆம் தேதி மழை என்று பட்டியலில் இருப்பது, 3-ஆம் தேதி காலை 8.30-இலிருந்து 4-ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. 2023-இல் மிக்ஜாம் புயல் மழையைப் படம் போட்டபோது பாதிப் பேர் இதில்தான் குழம்பினார்கள். ஜனங்களுக்கு நாள் என்பது விடிந்து அடங்குவது. '24 மணி நேரம், காலை 8.30 வரை' என்று எழுதுங்கள்.

இரண்டு, 'சென்னை' என்று நாம் எடுக்கிற எண் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்திலோ மீனம்பாக்கத்திலோ அளந்தது. எண்ணூர்க்காரர் கோபப்படத்தான் செய்வார். படத்தில் 'சென்னை' என்று போடாமல் 'நுங்கம்பாக்கம்' என்றே போடுங்கள். அப்புறம், மி.மீ., செ.மீ. கலக்காதீர்கள். 10 செ.மீ. மழையை 10 மி.மீ. என்று போட்ட படத்தை நானே பார்த்திருக்கிறேன்.

15. ஒரு ஆப்ல மணலி காத்து 100ங்குது, இன்னொண்ணு 150க்கு மேலங்குது. எதைப் போட?

இது அளவுகோல் விவகாரம். காற்றில் நுண்துகள், பிஎம் 2.5, ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீட்டில் அது 100. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டும். ஆப் எந்த நாட்டுக் கணக்கில் காட்டுகிறது என்று அமைப்பில் பாருங்கள். இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் முடிந்தது கதை.

என்னைக் கேட்டால் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராமையே போட்டு, இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 15 என்று இரண்டு கோடு இழுப்பேன். எந்த வரம்பு நியாயம் என்று பார்க்கிறவரே முடிவு செய்யட்டும். குறியீடுதான் போடுவேன் என்றால் அரசு வைத்த ஆறு நிறத்தை மாற்றாமல் போடுங்கள். ஏழாவது பதிலில் சொன்ன ஒரே நிற விதிக்கு இது மட்டும் விலக்கு.

16. காசிமேட்டு மீன் வரத்து போட்டா ஏப்ரல்ல பெரிய பள்ளம் விழுது. பாக்கறவங்க மீனே அழிஞ்சிடுச்சுங்கறாங்க.

கேட்டவர் மீனவர்தான், பதில் அவருக்கே தெரியும். படத்தில் சொல்லத்தான் இல்லை. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தையும் வெளிர் சாம்பல் பட்டையாக அடித்து 'தடைக்காலம்' என்று மேலே எழுதிவிட்டால் போதும். அப்போதும் ஃபைபர் படகு போகும், அதனால்தான் கோடு பூஜ்யத்தைத் தொடவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி. போன மாதத்தோடு ஒப்பிட வேண்டாம், போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தடை முன்பு 45 நாளாக இருந்தது, பழைய கணக்கோடு ஒப்பிடும்போது அதையும் பார்க்க வேண்டும்.

மெட்ரோ பயணிகள் கணக்குக்கும் இதே வழிதான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை தடம் திறந்தது 2021 பிப்ரவரி 14. அந்த இடத்தில் ஒரு நிற்கிற கோடும் நாலு வார்த்தையும் இல்லாவிட்டால் கோட்டில் எது எதனால் என்று புரியாது. அப்புறம், கணக்கு கிடைக்காத நாளை பூஜ்யம் என்று போடாதீர்கள். காற்று அளக்கிற கருவி இரண்டு நாள் படுத்துவிட்டால் அந்த இரண்டு நாள் கோட்டை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் மணலியில் காற்று சுத்தமாகிவிட்டதாக ஒரு செய்தி கிளம்பும்.

17. புகார் கணக்கு மேப் போட்டா நம்ம பக்கம் புகாரே கம்மியா இருக்கு. அப்ப இங்க எல்லாம் நல்லாருக்குன்னா அர்த்தம்?

புகார் கணக்கு எண்ணுவது புகாரை, குப்பையை இல்லை. ஆப் வைத்து, போட்டோ எடுத்து, நம்பர் வாங்கித் தொடர்ந்து கேட்க நேரமும் பழக்கமும் யாருக்கு இருக்கிறதோ அங்கேயிருந்துதான் அதிகம் வரும். எங்கள் தெருவில் நேராகக் கவுன்சிலர் வீட்டுக்குப் போய் நிற்பார்கள், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்த மேப்பைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. 'குப்பை எங்கே அதிகம்' என்ற தலைப்பை 'புகார் எங்கே அதிகம் பதிவாகிறது' என்று மாற்றுங்கள்.

மேப்புக்கே இன்னொரு பொறி உண்டு. மணலி மண்டலம் விரிந்து கிடக்கும், ராயபுரம் சின்னது, ஆனால் நெருக்கியடித்து ஜனம். மேப்பில் கலர் அடித்தால் கண்ணுக்கு மணலி பெரிதாகத் தெரியும். ஆள்கணக்கால் வகுத்து பார் சார்ட் போடுவதே மேல். வகுக்கும்போதும் கவனம்: 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டம் என்று இருக்கிற 46 லட்சம் சொச்சம் பழைய எல்லைக்கு உரியது. அதை இன்றைய மண்டலங்களுக்கு வகுத்தால் கணக்கு தாறுமாறாகும்.

18. மாசும் ஏறுது, ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களும் ஏறுறாங்க. ரெண்டு கோட்டையும் ஒண்ணா போட்டா சும்மா நெருப்பா இருக்கும்ண்ணா.

இருக்கும். அதுதான் எனக்குப் பயம். இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு என்று வைத்துவிட்டால், எந்த இரண்டு கோட்டையும் ஒட்டி ஓடவைக்கலாம், குறுக்கே வெட்டவைக்கலாம். அளவை நீங்கள்தானே வைக்கிறீர்கள்? மீன் விலையையும் பரீட்சை மார்க்கையும் வைத்தே நான் செய்து காட்டியிருக்கிறேன்.

எண்ணூரிலும் மணலியிலும் இருக்கிறவர்களுக்கு மூச்சுத் திணறலைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் அந்தப் படம் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் ஜோடித்தது என்று கண்டுபிடித்தால், எதிரே இருக்கிறவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிச்ச எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். இரண்டு சின்னச் சார்ட்டாக மேலும் கீழும் வையுங்கள், மாதங்கள் நேருக்கு நேர் வரட்டும். தலைப்பில் 'இதனால்தான் அது' என்று எழுதாமல் 'இரண்டும் ஒரே மாதங்களில் ஏறின' என்று எழுதுங்கள். அது உண்மை, யாராலும் அசைக்க முடியாது. காரணத்தைச் சொல்ல டாக்டர் ஒருவரிடம் போய்ப் பேட்டி எடுங்கள்.

19. ஏஐகிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல போட்டுத் தருதே சார், இவ்ளோ கஷ்டம் எதுக்கு?

படமாக வரையச் சொன்னால் சார்ட் மாதிரி ஒன்றை வரைந்து தரும். பட்டையின் நீளத்துக்கும் எண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, தமிழ் எழுத்தும் பல நேரம் கோணல்மாணலாக வரும். தலைப்புக்கு நாலு யோசனை கேட்க, ஷீட்டில் ஃபார்முலா எழுதச் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள். பட்டையை ஷீட்டிலோ டேட்டாராப்பர் என்ற சார்ட் போடும் இணையதளத்திலோ போடுங்கள், இலவசம்தான். ஸ்கேலை எடுத்து இரண்டு பட்டையை அளந்து பார்க்கிற பழக்கம் டிடிபி காலத்திலிருந்து எனக்கு இருக்கிறது, இப்போதும் விடவில்லை.

20. தப்பாப் போட்டுட்டேன். சத்தமில்லாம அழிச்சிடவா?

அழித்தால் உங்கள் பக்கத்திலிருந்து போகும். வாட்ஸாப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாள் சொச்சம்தான், அதற்குள் ஃபார்வர்ட் ஆனவை அழியாது. அதே படத்தைத் திருத்தி, மேலே 'திருத்தம்' என்ற வார்த்தையும் தேதியும் போட்டு, எது தப்பாக இருந்தது என்று ஒரு வரி எழுதி அதே குழுவில் போடுங்கள். பழைய போஸ்ட்டை வைத்திருப்பதானால் அதன் கேப்ஷனிலும் எழுதிவிடுங்கள். கலரும் அமைப்பும் பழைய படம் மாதிரியே இருக்கட்டும், அப்போதுதான் இது அதன் திருத்தம் என்று தெரியும்.

பதின்மூன்றாவது பதிலில் சொன்ன புழல் தொட்டிப் படத்துக்கும் அப்படித்தான் செய்தேன். திருத்தம் நாற்பது பேருக்குப் போயிருக்கும். தொட்டிப் படம் ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு குழுவில் வருகிறது, போன மாதம் என் மச்சான் எனக்கே அனுப்பினான். அதில் தேதி போடவில்லை.